தொடர்பாடற் றொழிலுக்கு வேண்டும் கணினிக் கருவிகள்

கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் புகையிரதப் பாதை ரம்புக்கனையில் முடிவடைகின்றது. அதற்கப்பால் கடுகண்ணாவை ஏற்றமும் ஒற்றைப் பாதையுமே உள. 1867 ஆம் ஆண்டிற் கண்டிவரை புகையிரதம் ஓடத் தொடங்கிய நாள் முதலாக இவ்வூர் மலைநாட்டிற்கு ஒரு வாயிலாக இருந்து வருகின்றது. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் ஏற்றத்தை வெல்லுதற்பொருட்டு இன்னோர் எஞ்சினையும் ஈண்டே பூட்டினர். நிலையத்தின் பெயர்ப்பலகையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் காணலாம். வண்டியில் வருவோர் தத்தமக்குரிய ஒரு வரியை வாசித்துவிட்டு ஏனைய இரண்டையும் நோக்காது செல்வர். ஆயினும், அத்தமிழ் வரியை ஒருவர் எழுதியிருக்கவேண்டும். வேறொருவர் பிழை பார்த்திருக்கவேண்டும். பின்னரே அது பலகையில் ஏறியிருக்கவேண்டும். தொடர்பாடற்றொழில் என்று இக்காலத்திற் கூறப்படுவது பெரும்பாலும் இத்தகைய, கண்ணிற் படாத வேலைகளின் தொகுதியே.

செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி என்பன மாத்திரமே இத்துறையென எண்ணுதல் பொருந்தாது. பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவரும், தொண்டு நிறுவனமொன்றின் அறிக்கைகளை எழுதுபவரும், வெள்ள எச்சரிக்கையைக் கைத்தொலைபேசிகளுக்கு அனுப்புபவரும், திரைப்படத்துக்கு உரைவரி அமைப்பவரும் இத்துறையினரே. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் அதன் இடத்தை வகுத்தது. சட்டம் ஏட்டிலிருந்து நடைமுறைக்கு வருதற்கு இரு மொழியும் அறிந்த ஆட்கள் வேண்டும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளை, பாடசாலையிற் றமிழையும் கடைத்தெருவிற் சிங்களத்தையும் கற்றுக்கொள்கின்றது. பிறர் பணங் கொடுத்துப் பயிலும் ஒன்றை அது பத்து வயதிற்குள் விளையாட்டாகவே பெற்றுவிடுகின்றது. எனினும், க.பொ.த. உயர்தரம் முடிந்ததும் அப்பிள்ளையிடம் விளம்பரங்கள் கூறுவது, இன்ன வரைகலை மென்பொருளை மூன்று மாதத்திற் பயின்றால் வேலை நிச்சயம் என்பதே. இது வேரை விட்டுக் கொப்பிலே நீரூற்றுவதாகும். எம்மென்பொருளைத் திறந்தாலும் அதனுள்ளே முதலில் இடவேண்டியது எழுத்து. ஆதலின் எழுத்தைக் கணினியிற் பிழையின்றி இடுதலே முதற் கருவி.

தோட்டப்புறத்திற்கு இத்தொழில் புதியதன்று. 1920களிற் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்திய கோ. நடேசையர், வெளியார் நுழையமுடியாதிருந்த தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரிபோற் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார். 1931 ஆம் ஆண்டில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் தொடங்கிய பின்னர், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடினார். பாட்டுக்கள் சிறு நூல்களாக அச்சேறின. வாசிக்க அறியாத மக்களுக்குப் பாட்டும், வாசிக்க அறிந்தவர்க்குப் பத்திரிகையும் எனக் கேட்போரை நோக்கிக் கருவி தெரிந்தெடுக்கப்பட்டது. பிற்காலத்துத் தொடர்பாடற் பாடநூல்கள் பல அதிகாரங்களில் விரித்துக் கூறும் செய்தியும் இதுவேயாம்.

அச்சுக்கூடத்திலிருந்து மேசைக்குத் தமிழெழுத்தைக் கொணர்ந்த பெருமை யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரிற் றொழில் புரிந்த ஆர். முத்தையாவைச் சாரும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். 247 எழுத்துக்களை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அடக்குதல் எளிதன்று. புள்ளியும் விசிறியும் போன்ற குறிகளுக்கு, அழுத்தினாலும் தாளேந்தி நகராத விசைகளை அமைத்து அவர் அதனைத் தீர்த்தார். ஜெர்மன் நாட்டு நிறுவனமொன்று அப்பொறியைச் செய்து கொடுத்தது. பின்னர் கணினி வந்தபோது இலங்கையிலே தட்டெழுத்தாளரின் விரற்பழக்கத்தைத் தழுவியே தமிழ் எழுத்துருக்கள் அமைந்தன. அவற்றுட் பெருவழக்குப் பெற்றது ‘பாமினி’.

பாமினியின் இயல்பைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். இத்துறையிற் புகுவோர் இடறும் முதற்கல் அதுவே. கணினியின் நினைவில் எழுத்தின் வடிவம் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணே உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேலே தமிழ் வடிவத்தை ஒரு முகமூடிபோல இட்டன. ‘தமிழ்’ என்னுஞ் சொல்லைப் பாமினியில் எழுதினால் திரையிலே தோன்றுவது தமிழ். நினைவில் இருப்பதோ ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாம். அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அக்கோப்பை அனுப்பினால் முகமூடி கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வெளிப்படும். கைத்தொலைபேசியிலும் அவ்வாறே. தேடுபொறி அதனைத் தமிழென அறியாது. பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளும் அறியாது. பல ஆண்டுகளாகப் பாமினியிற் றட்டப்பெற்ற விழா மலர்கள், சங்க அறிக்கைகள், வினாத்தாள்கள் யாவும் தாளில் மாத்திரம் தமிழாக உள்ளன.

இக்குறையை நீக்குதற்கு எழுந்தது ‘யூனிகோட்’ எனப்படும் ஒருங்குறி. 1991 ஆம் ஆண்டில் வெளியான இம்முறை, உலக மொழிகளின் எழுத்துக்களுக்குத் தனித்தனி எண் வகுத்தது. அதிலே தமிழுக்கு ஒதுக்கிய கட்டம் 128 இடங்களையுடையது. உயிரும், அகரமேறிய மெய்யும், உயிர்க்குறிகளும், புள்ளியும் அங்கே இடம்பெறுகின்றன; உயிர்மெய் வடிவங்களைக் கணினி சேர்த்துக் காட்டும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டுமெனத் தமிழறிஞர் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டு அரசு 2010 ஆம் ஆண்டிற் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியோடு ‘டேஸ் 16’ என்னும் அத்தகைய முறையையும் ஏற்றது. ஆனால், உலகெங்கும் உள்ள கருவிகள் ஒருங்குறியையே பேசுகின்றன. தொழில் தேடும் மாணவன் அதனையே பற்றுதல் வேண்டும்.

விசைப்பலகைகள் பல. இலங்கையின் 2008 ஆம் ஆண்டு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் தட்டெழுத்து மரபைத் தழுவிய ரெங்கநாதன் பலகையைக் கூறுகின்றது. 1999 ஆம் ஆண்டிற் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகப் பிறந்த ‘தமிழ் 99’ பலகை இலக்கணத்தைத் துணைக்கொண்டது. ஒரு மெய் இரட்டிக்கும்போது முதலாவதற்குப் புள்ளியைத் தானே இடும். ‘அக்கா’ என்பதனை அ, க, க, ஆ என நான்கு தட்டில் முடிக்கலாம். விரல்கள் பாமினிக்குப் பழகிவிட்டனவேயென அஞ்சுவோர்க்கு, ‘இ-கலப்பை’ என்னும் இலவச மென்பொருளிற் பாமினி முறையிலேயே தட்டி ஒருங்குறி எழுத்தைப் பெறும் வசதியும் உண்டு. ஆங்கில ஒலிப்பைத் தட்டித் தமிழைப் பெறும் முறை, கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்திக்கு ஏற்றதெனினும் தொழிலுக்கு உகந்ததன்று. லகர ளகர ழகரங்களை ஆங்கில எழுத்தின் வழியாக நினைக்கப் பழகிய மாணவனுக்குத் தமிழெழுத்திலேயே ஐயம் பிறந்துவிடும்.

ஒருங்குறியிற் றட்டினாலும் பிழை நேரலாம். ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தை ஒத்தது. ஆதலின் ‘கௌரவ’ என்பதனைத் தட்டும்போது பலர் எகரக் குறியையும் ளகரத்தையும் இட்டுக் ‘கெளரவ’ என ஆக்கிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கோ முற்றிலும் வேறான சொற்கள். அழைப்பிதழ்களில் ‘கௌரவ அமைச்சர்’ என வருமிடங்களில் இப்பிழையை எளிதிற் காணலாம். அவ்வாறு தட்டிய பெயர்ப்பட்டியலைத் தேடினால் அமைச்சர் அகப்படமாட்டார்!

எழுத்தின் எண்ணிக்கையை அறிதல் உயிர்காக்கும் இடமும் உண்டு. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி, ரம்புக்கனை அமைந்த இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமற்போயும் அழிந்தனர். அன்றே புளத்கொஹுபிட்டியப் பகுதியில் தோட்டக் குடியிருப்புக்களும் மண்ணுட் புதையுண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக விடுக்கின்றது. சிவப்பு என்றால் வெளியேறுதல் வேண்டும். இத்தகைய செய்தியைத் தமிழிற் குறுஞ்செய்தியாக அனுப்பும்போது ஒரு கட்டுப்பாடு எழுகின்றது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். ஒருங்குறித் தமிழாயின் 70 இடங்களே கொள்ளும். புள்ளிக்கும் ஓரிடம், கொம்புக்கும் ஓரிடம். ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்திடத்தைப் பிடிக்கும்.

‘மண்சரிவு அபாயம் நிலவுவதனால் தங்கள் பகுதியில் வசிக்கும் பொதுமக்கள் மிகவும் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என அலுவலக நடையில் எழுதினால், ‘பொதுமக்கள்’ என்னுஞ் சொல்லோடு 65 இடங்கள் கழிந்துவிடும். ‘மிகவும்’ என்பது முழுமையாக அடங்காது. எஞ்சியது அடுத்த துண்டிற் செல்லும். கைத்தொலைபேசி துண்டுகளை ஒட்டிக் காட்டுமெனினும், அலை எட்டாத மலைச்சரிவில் இரண்டாந் துண்டு எப்போது வருமென்பது நிச்சயமில்லை. வந்தாலும் பயனென்ன? எங்கே போகவேண்டும் என்பது இவ்வாக்கியத்தில் எவ்விடத்தும் இல்லை. ‘மண்சரிவு அபாயம். உடனே லயத்தை விட்டுப் பாடசாலைக்குச் செல்லுங்கள்.’ என எழுதினால் 64 இடங்களில் முடிந்துவிடும். செய்ய வேண்டியதும் போகவேண்டிய இடமும் விளங்கும். ‘லயம்’ என்பது தோட்டத்தாரின் சொல்; ‘குடியிருப்புத் தொகுதி’ என்று அங்கே எவரும் சொல்வதில்லை. இவ்வாறு இடங்களை எண்ணி எழுதக் கற்பிக்கும் மென்பொருள் தனியாக எதுவும் வேண்டுவதில்லை. தட்டெழுத்தும் மொழியறிவும், கேட்போர் இன்னாரென்னும் நினைவும் சேர்ந்தாற் போதும்.

எழுத்துக்கு அடுத்தது பக்கம். 1985 ஆம் ஆண்டில் வெளியான பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருள், தமிழ் அச்சகங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. அது ஒருங்குறித் தமிழை அறியாது. அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விடாதிருந்தமைக்கு இது பெருங்காரணம். அதன் இடத்தைப் பெற்ற இன்டிசைனிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கெ’ என்பதிற் ககரம் முதலிலும் கொம்பு பின்னும் நினைவில் இருக்கும். திரையிலே கொம்பு முன்வருதல் வேண்டும். இம்மாற்றத்தைச் செய்யும் பகுதியை, அஃதாவது உலக மொழிகளுக்குரிய பந்தி அமைப்பியை, அம்மென்பொருளின் தெரிவுகளுள்ளே தேடி இயக்குதல் வேண்டும். இயக்காவிட்டால் கொம்பு இடம்மாறித் தனியே நிற்கும். வீதியோரப் பதாகைகளிற் கொம்பும் காலும் சிதறிக் கிடப்பதைக் கண்டு, எழுதியவர்க்குத் தமிழ் தெரியாதென்று சிலர் சினப்பர். எழுதியவர் தமிழறிந்தவராகவே இருக்கலாம். வடிவமைத்தவர் தெரிவை இயக்காதவராக இருப்பார். அவர் தமிழறியாதவராயின் பிழை நேர்ந்தமைகூட அவருக்குத் தெரியாது. தமிழ் வாசிக்கத் தெரிந்த வடிவமைப்பாளருக்குக் கொழும்பிலே மதிப்புண்டாதல் இதனாலாம்.

இன்டிசைனுக்கு மாதந்தோறும் பணங் கட்டவேண்டும். தோட்டக் குடும்பமொன்றின் வருமானத்தில் அது இயலாததொன்று. திருட்டுப் பிரதியை நாடுதல் தகாது, தேவையுமில்லை. ‘ஸ்கிறைபஸ்’ என்னும் இலவச மென்பொருள், 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான 1.6 பதிப்பில், தமிழ் போன்ற கூட்டெழுத்து மொழிகளைச் செவ்வனே அமைக்கும் திறத்தை உறுதியான வெளியீடாகத் தந்தது. படம் வரைதற்கு ‘இங்க்ஸ்கேப்’, ஆவணங்களுக்கு ‘லிப்ரே ஒபீஸ்’ ஆகியனவும் இலவசமே. ஒரு கருவியின் பெயரை மனனஞ் செய்வதிலும், பத்தி, ஓரம், வரியிடைவெளி, எழுத்தளவு என்பவற்றின் அளவறிதல் மேலானது. அளவறிந்தவன் கருவி மாறினாலும் ஒரு கிழமையிற் பழகிக்கொள்வான்.

ஒலித்துறைக்கு ‘ஒடாசிட்டி’ ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999 ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்று 2000 ஆம் ஆண்டில் வெளியான இலவச மென்பொருள் அது. ஒலி அலையைக் கோடாகக் காட்டும். வேண்டாத பகுதியைச் சொல்லை வெட்டுவதுபோல வெட்டலாம். பாட்டியொருத்தியிடம் பால்வெட்டுக் காலத்துப் பழங்கதையைக் கைத்தொலைபேசியிற் பதிந்து, இருமலையும் நாய்க்குரைப்பையும் நீக்கி, பத்து நிமிடமாகச் சுருக்கப் பழகும் மாணவன் வானொலித் தொகுப்பின் பெரும்பகுதியை அறிந்தவனாவான். தகரக் கூரையின்மேல் மழை பெய்யும்போது பதிவு செய்யலாகாது என்பதனை எம்மென்பொருளும் கற்பிக்காது! காணொளிக்கு ‘டாவின்சி றிசோல்வ்’ சிறந்ததெனினும் வலிய கணினியை வேண்டும். எளிய கணினிக்கு ‘ஷொட்கட்’ பொருந்தும். கணக்கேடு அமைக்கும் விரிதாளையும் புறக்கணித்தலாகாது. எண்ணைக் கண்டு அஞ்சும் செய்தியாளன் பிறர் கூறும் எண்ணை அப்படியே எழுதுவான்.

மொழிபெயர்ப்புப் பொறி பற்றிப் பலருக்கு அச்சமுண்டு. கூகுளின் பொறி 2011 ஆம் ஆண்டிற் றமிழையும் 2014 ஆம் ஆண்டிற் சிங்களத்தையும் சேர்த்துக்கொண்டது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் ‘சட்ஜிபிரி’ வெளியான பின்னர் கேட்டவுடன் எழுதித்தரும் பொறிகளும் பெருகின. இனி மொழிபெயர்ப்பாளருக்கு வேலையுண்டோ என மாணவர் வினவுவது இயல்பே. இத்தகைய பொறிகள் சிங்களத்தையும் தமிழையும் ஆங்கிலத்தின் வழியாக இணைக்குமிடத்து நேர்வது யாதெனிற் கூறலாம். சிங்களத்தில் ‘அக்கா’ வேறு, ‘நங்கி’ வேறு. தமிழிலும் அக்காள் வேறு, தங்கை வேறு. இடையிலுள்ள ஆங்கிலத்தில் இருவரும் ஒரே சொல்லாவர். மறுகரையில் இருவருமே ‘சகோதரி’ என இறங்குவர். அயலிலே வாழும் இரு மொழிகள், தமக்குள் ஒத்திருக்கும் ஒன்றைத் தூரத்து மொழியொன்றின் வழியே சென்று இழக்கின்றன. அன்றியும், பொறி அறிந்த தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கு. ‘கிராம உத்தியோகத்தர்’, ‘பிரதேச செயலாளர்’ என்னும் இலங்கைப் பதவிப்பெயர்களுக்கும், ‘பிரட்டு’, ‘கங்காணி’ போன்ற தோட்டச் சொற்களுக்கும் அதனை நம்பலாகாது. எழுதித்தரும் பொறிகள் இல்லாத பெயரையும் எண்ணையும் தயங்காது படைக்கவும் வல்லன. ஆதலின், முதல் வரைவைப் பொறியிடம் பெற்று, ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதே தொழிலாக மாறிவருகின்றது. இரு மொழியையும் வீட்டிலும் தெருவிலும் கற்றவனே அத்திருத்தத்தைச் செய்யவல்லவன். ரம்புக்கனைச் சந்தையில் இரு மொழியிலும் விலை பேசிய பிள்ளைக்கு அகராதி காட்டாத வேறுபாடுகளும் தெரியும்.

ஈற்றில், பழைய எழுத்தை மீட்கும் கருவிகள். பாமினியில் உள்ள கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுதற்குப் ‘பொங்குதமிழ்’, ‘என்.எச்.எம். கன்வேட்டர்’ முதலிய இலவச மாற்றிகள் உள. கோப்பே இல்லாது தாள் மாத்திரம் எஞ்சியிருப்பின், படமெடுத்து எழுத்தை உணரும் ‘டெசரக்ட்’ போன்ற மென்பொருளை நாடலாம். தமிழையும் வாசிக்கும் இலவச மென்பொருள் அது. மங்கிய அச்சிலும் கறையான் அரித்த தாளிலும் அது தடுமாறும். மனிதர் இருந்து ஒப்புநோக்கல் வேண்டும். 2005 ஆம் ஆண்டிற் றோன்றிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்துவருகின்றது.

சபரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் அலுமாரிகளில், பரிசளிப்பு விழா மலர்களும் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களும் கோயில் விஞ்ஞாபனங்களும் கட்டுக்கட்டாகக் கிடத்தல் கூடும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் பல உள. ஒரு மலரை எடுத்து, படம் பிடித்து, எழுத்தாக மாற்றி, வரிக்கு வரி ஒப்புநோக்கி, ஸ்கிறைபஸில் மறுபடி பக்கம் அமைத்து முடிக்க அக்காலம் தாராளமாகப் போதும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது சான்றிதழோடு அம்மலரின் இரு வடிவங்களையும், பழையதும் புதியதுமாக, மேசைமேல் வைக்கலாம்.